தானாத் தம்பியும் மூன்று கேமராவும்

சோம்பேறியாக இருப்பதற்காக இத்தனை பாடுபட்ட ஒரு மனிதனை இந்தச் சிங்கப்பூரில் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அவன் முதுகு வளைந்துபோனது. கண்ணாடி தடித்துக்கொண்டே போனது. எல்லாம் எதற்கு? பிற்பாடு ஒருநாள் உட்காராமல் இருக்கலாமே என்பதற்காக.

எனக்குப் பூக்கடை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறேன். லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்யாண மாலை என்றால் என்னிடம்தான் வருவார்கள். இதை நான் சொல்லவில்லை, வருகிறவர்கள் சொல்வது. எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். பூக் கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் எழுதவேண்டும். அதனால் அவசரப்படாமல் படியுங்கள்.

என் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு போட்டோக் கடை. ஆள் உள்ளே போனால் கதவு மூடாது, கதவை மூடினால் ஆள் நிற்கமுடியாது. அந்தக் கடைக்காரனைத்தான் சொல்கிறேன். அடையாள அட்டையில் அவனுக்கு நல்ல நீளமான பெயர் உண்டு. சந்தில் யாருக்கும் அது தெரியாது. எதைக் கேட்டாலும் “அதெல்லாம் தானா நடக்கும்க்கா” என்பான். அதனால் தானா. என் வயதுக்கு அவன் என்னைப் பாட்டி என்றே கூப்பிட்டிருக்கலாம். முதல் நாளே வாயைத் திறக்கும்முன், “அக்கா போதும்” என்று சொல்லிவிட்டேன்.

மற்ற போட்டோக்காரர்கள் கல்யாணத்தில் படம் எடுத்துவந்தால் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயர் எழுதிப் பிரித்து வைப்பார்கள். தானாவுக்கு அது அவமானம். கம்ப்யூட்டருக்கு ஏதோ உத்தரவு எழுதி வைத்திருந்தான். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். கேமராவிலிருந்து சின்ன அட்டையை எடுத்துச் சொருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். படங்கள் தாமாக உள்ளே போகும். யார் கல்யாணம், எந்த மண்டபம், என்ன சடங்கு என்று ஒவ்வொரு படத்திலும் அதுவே எழுதிக்கொள்ளும். முடிந்ததும் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“எங்கடா எழுதியிருக்கு? ஒண்ணும் காணோமே” என்று ஒருமுறை கேட்டேன்.

“உள்ள இருக்குக்கா. வெளிய தெரியாது.”

“தெரியாத எழுத்தை எதுக்கு எழுதுறே?”

“தேடினா கிடைக்கும்லா.” மாலை என்று தட்டினான். எத்தனையோ கல்யாணத்து மாலைகள் வரிசையாக வந்து நின்றன. பாதிக்கு மேல் நான் கட்டினவை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. “சம்பங்கி சரியாத் தெரியலை” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சொகுசுக்காக அவன் பட்ட பாடு இருக்கிறதே! பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்து, வியர்த்து, மறுபடி பவுடர் போட்டுக்கொள்வார்கள். இவன் ஸ்கிரிப்டைச் சரிபண்ணிக்கொண்டிருப்பான்.

“கையால பண்ணியிருந்தா ஒரு கப் தே குடிக்கிற நேரத்துல முடிஞ்சிருக்கும்டா.”

“அது ஒவ்வொரு தடவையும் பண்ணணும்க்கா. இது ஒரே தடவை.”

அந்த ஒரே தடவை வாராவாரம் வந்தது.

சரி, எந்தச் சடங்கு எப்போது நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? கல்யாணப் பத்திரிகையை வைத்துத்தான். பத்திரிகையில் ஒன்பது மணிக்குத் தாலி என்று போட்டிருந்தால், ஒன்பது மணிக்கு எடுத்த படங்களுக்கெல்லாம் ‘தாலி கட்டுதல்’. பத்து மணிக்கு எடுத்ததெல்லாம் ‘விருந்து’. நம் ஆட்கள் பத்திரிகையில் போட்ட நேரத்துக்குக் கல்யாணம் செய்வார்கள் என்று நம்பிய ஒரே தமிழன் இவன்தான்.

ஒரு முகூர்த்த நாள். ஐயர் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு டாக்சியில் வருகிறார். வழியெல்லாம் கார். பசி தாங்காதவர்களைச் சம்பந்தி வீட்டார் முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆல்பம் தயாராகிப் போனதும் பெண்ணின் அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தாள். வந்த வேகத்தில் என் மல்லிகைக் கூடை கவிழ்ந்தது.

“என்ன தம்பி இது? தாலி கட்டுதல்னு போட்டு என் கொழுந்தன் வடையைக் கடிக்கிறாரு! அதுவும் மூணு பக்கத்துக்கு! என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுற படத்துக்குக் கீழே விருந்துபசாரம்னு போட்டிருக்கு!”

தானா ஆல்பத்தை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தான். “மேடம், பத்திரிகையில ஒன்பது மணின்னு நீங்கதானே போட்டீங்க? படம் கரெக்ட்டு. கல்யாணம்தான் லேட்டு.”

அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தி, இரண்டு முழம் மல்லிகை கொடுத்து அனுப்பியது நான். அவளுக்குக் கனகாம்பரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்படி எத்தனை பேர்! பக்கத்துக் கடைக்காரனின் பாவத்துக்கெல்லாம் பூவால் பிராயச்சித்தம் செய்து செய்து எனக்கு அலுத்துவிட்டது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்கமுடியாத ஒன்றும் நடந்தது.

காலையில் நான் கடைக்கு வந்ததும் என் போனுக்கு அவனிடமிருந்து ஒரு சேதி வரும். ‘காலை வணக்கம்க்கா. கடை திறந்தாச்சு.’ ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்காது. அதையும் தானாகப் போகிற மாதிரி வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சேதி வந்தது, கடை திறக்கவில்லை. எங்கேயோ வேலைக்குப் போயிருப்பான் என்று இருந்துவிட்டேன். மறுநாளும் சேதி வந்தது, கடை பூட்டு. அதற்கு மறுநாளும் ‘கடை திறந்தாச்சு’ என்று போன் சொல்கிறது, கண்ணுக்கு நேரே பூட்டுத் தொங்குகிறது. அவன் தங்கியிருந்த அறை இரண்டு தெரு தள்ளி, ஒரு மளிகைக் கடைக்கு மேலே. பூவை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

டெங்கிக் காய்ச்சல். எழுந்து நிற்கமுடியவில்லை. தண்ணீர் போத்தல் காலியாகக் கிடந்தது.

“ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீ நல்லா இருக்கேன்னு போன் சொல்லுதேடா!”

“அது தானா போகுதுக்கா” என்றான், கண்ணைத் திறக்காமல்.

ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னும் ஒருநாள் கழித்துக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடப்பிறந்தவர்கள் இல்லை. வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. இவன் போய்ச் சேர்ந்த பிறகும் இவனுடைய கம்ப்யூட்டர் எனக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து இதை நினைத்தபோதுதான் முடிவு செய்தேன். இவனுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைக்காமல் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் பூ வாங்க வரும் ஒருவர் உண்டு. சுவா சூ காங்கில் வீடு. அவருக்கு வசந்தி என்று ஒரு தங்கை. பஸ் ஓட்டுகிறாள். பொம்பளை பஸ் ஓட்டுகிறாளா என்று இரண்டு மூன்று வரன் தட்டிப்போய்விட்டது. அவரிடம் தானாவைப் பற்றிச் சொன்னேன். குடி இல்லை, கடன் இல்லை, பொய் பேசத் தெரியாது. “நான் சொல்றேன், நம்பலாம்” என்றேன். இந்தச் சந்தில் என் வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. அவரும், “உங்க பேச்சுதான்மா எனக்குப் போதும். ஒரு போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லுங்க” என்றார்.

அங்கேதான் வந்தது வினை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் படம் எடுத்தவனிடம் அவன் படம் ஒன்றுகூட இல்லை. அன்று காலையில் தெம்பனிஸில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்க வீடு. அதைப் படம் எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். முகம் கழுவச் சொன்னேன். துணிக்கடையில் ஒரு நீலச் சட்டை வாங்கிப் போடவைத்தேன். அவன் சொல்லிக்கொடுத்த இடத்தில் நானே அமுக்கினேன். படம் நன்றாகவே வந்தது. மாலை கட்டுகிற கைக்குப் படம் வராதா?

“அந்த அண்ணன் நம்பரைச் சொல்லுங்கக்கா. அட்டையைச் சொருகினா தானா போயிடும்.”

சொருகினான். கோயில் மணி அடித்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அலறியது. வசந்தியின் அண்ணன்.

“என்னம்மா இது, விளையாடுறீங்களா? செத்துப்போனவனையா என் தங்கச்சிக்குப் பேசுறீங்க?”

“ஐயோ, என்ன சொல்றீங்க? என் பக்கத்துலதான் உட்கார்ந்து கறி பப் தின்னுக்கிட்டிருக்கான்.”

“அப்போ இது என்ன?”

அவர் திருப்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீலச் சட்டை, நல்ல சிரிப்பு. சுற்றிலும் கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘மறைவு’ என்று அன்றைய தேதி.

விஷயம் இதுதான். துக்க வீட்டுக்காரர்கள் இறந்தவரின் பழைய படத்தைக் கொடுத்து, அதைக் கேமராவில் எடுத்து நினைவு அட்டை செய்து தரச் சொல்வார்கள். அதற்கும் தானா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான். துக்க வீட்டுக்குப் போன தேதியில், நேரே பார்க்கிற தனி முகம் எதைக் கண்டாலும் கம்ப்யூட்டர் அவரை இறந்தவர் என்று முடிவுகட்டிவிடும். அன்று தனி முகங்கள் இரண்டு. ஒன்று தெம்பனிஸ் பெரியவர், மற்றொன்று மாப்பிள்ளை. அது இருவருக்கும் ஒரே மரியாதை செய்திருக்கிறது.

இதை அந்த அண்ணனுக்கு விளக்கினேன். எனக்கே பாதி புரியாததை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? “இல்லம்மா. மொதல் படமே இப்படி வருதுன்னா சகுனம் சரியில்லை. விட்டுடுங்க” என்று வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வாங்கவும் வரவில்லை. எதிர்வரிசைப் பூக்கடையில் போய் வாங்கினார். என் கண் முன்னாலேயே!

அந்த வெள்ளிக்கிழமை தானா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். “விடுங்கக்கா. இது எனக்கு நடக்காது.” நடக்காது என்று அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எல்லாம் தானா நடக்கும் என்றுதானே சொல்வான்! அது என்னவோ எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பூக்கூடையோடு ரயிலேறிச் சுவா சூ காங் போனேன். முழங்கால் வலி, ரயிலில் நிற்கிற கூட்டம், அதற்குப் பிறகு இன்னொரு குட்டி ரயில். நான் யார் வீட்டு வாசலிலும் போய் நின்றவள் இல்லை. அண்ணன் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. நான் எழுந்திருக்கப் போகும்போது வசந்தி வேலை முடிந்து உள்ளே வந்தாள். யூனிஃபார்ம். வியர்வை. தோளில் பை.

“நீங்கதானா அந்த பூக்கடை ஆன்ட்டி? அவரு உயிரோடதானே இருக்காரு?”

“காலையில இருந்தான்மா.”

அவள் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, கல்யாணம் ஆன ஆம்பளைங்க மூஞ்சியெல்லாம் கொஞ்ச நாள்ல அந்த கறுப்புக் கட்டத்துக்குள்ள இருக்கிற மாதிரிதான் ஆவுது. இவரு முன்னாடியே ரெடியா இருக்காரு லா. நேர்ல வரச் சொல்லுங்க ஆன்ட்டி.”

“சகுனம்...” என்றார் அண்ணன்.

“சகுனம் பார்த்தா நான் பஸ்ஸை டிப்போவை விட்டே எடுக்கமுடியாதுண்ணே.”

என் கடைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். நான் கடையில் உட்கார்ந்து பூக் கட்டினேன், காது மட்டும் அங்கே. தானா அவளுக்கு ஸ்கிரிப்ட் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான், தே ஆறிப்போய் ஆடை கட்டும்வரை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எனக்கும் டைம் போட்டுக் குடுப்பாங்க, எந்த ஸ்டாப்புக்கு எப்ப போகணும்னு. ஒருநாள் கூட அந்த டைமுக்குப் போனதில்லை. வயசானவங்க ஏறுவாங்க, மழை வரும். உங்க மெஷினுக்கு அது தெரியுமா?”

தானா யோசித்தான். அவனிடம் அதுவரை யாரும் அவன் வேலையைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை. “தெரியாது” என்றான். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நான் அங்கிருந்தே தெரிந்துகொண்டேன்.

கோயில் மண்டபத்தில் கல்யாணம். படம் எடுக்க வேறு ஆளை வைக்க அவன் சம்மதிக்கவில்லை. “அவங்க உள்ள சரியா எழுதமாட்டாங்கக்கா.” மணவறையைப் பார்த்து மூன்று கேமராவை முக்காலியில் நிறுத்தினான். தாலி கட்டும் நேரத்தில் மூன்றும் தாமாகவே எடுக்கவேண்டும், தாமாகவே எழுதவேண்டும், தாமாகவே நிற்கவேண்டும். பத்திரிகை நேரத்தைத்தான் மறுபடியும் கொடுத்திருந்தான். இந்த ஐயர் நேரத்துக்கு வந்துவிடுவார் என்று விசாரித்தானாம்.

ஐயர் நேரத்துக்கு வந்துவிட்டார். பெண்தான் வரவில்லை. பஸ் ஓட்டுகிறவள் வந்த கார் வழியில் நின்றுபோய், வீட்டுக்காரர்கள் எல்லாரும் பட்டுச்சேலையோடு அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்களாம்.

தாமதமாக வந்தாள். மேளம் கொட்டியது. தாலி தானாவின் கையில். அப்போதுதான் அவன் கேமராக்களைப் பார்த்தான். மூன்றிலும் விளக்கு அணைந்திருந்தது. நேரம் முடிந்து அவை தம் வேலையை முடித்துக்கொண்டு நின்றுவிட்டன.

“ஐயரே, ஒரு நிமிஷம்...” என்று எழுந்திருக்கப் போனான்.

வசந்தி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “உட்காருங்க. கட்டுங்க.”

கட்டினான். மூன்றாம் முடிச்சை நாத்தனார் இல்லாததால் நான்தான் போட்டேன்.

சரி, அந்த மூன்று கேமராவும் பத்திரிகை நேரத்தில் எதைத்தான் எடுத்தன? மணவறை காலியாகத்தானே இருந்தது? காலியாக இல்லை. நான் இருந்தேன். மாலை வாடக்கூடாதே என்று தண்ணீர் தெளித்துக்கொண்டு, மணைப்பலகையை நேராக்கிக்கொண்டு, இலை போடுகிற பையனைத் திட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கல்யாண மாலையை ஏந்தி வாசலையே பார்த்துக்கொண்டு. மூன்று பக்கத்திலிருந்தும் என்னையே எடுத்துத் தள்ளியிருக்கின்றன. முதுகைச் சொறிந்ததுகூட இருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ‘தாலி கட்டுதல்’.

கடையைக் காலிபண்ணிவிட்டு அவன் சுவா சூ காங்குக்கே போய்விட்டான். வீட்டிலிருந்தே வேலை. அந்த மாடிப்படிக்குக் கீழே இப்போது போன் உறை விற்கிறார்கள். யாருக்கும் கோபம் வருவதில்லை, என் பூக்கூடையும் கவிழ்வதில்லை. நாள் நகரமாட்டேன் என்கிறது.

போன பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில், மற்ற வீடுகளில் தாலி கட்டுகிற படம் மாட்டியிருக்கிற இடத்தில், பெரிதாகச் சட்டம் போட்டு நான். கையில் மாலையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

“ஏன்டா, ஆளாளுக்குப் போன்ல எடுத்த படமெல்லாம் கிடக்கே. அதுல ஒண்ணு மாட்டக்கூடாதா?”

“தாலி கட்டுதல்னு தேடினேன்க்கா. நீங்கதான் வந்தீங்க.”

“தப்புன்னு தெரியுதுல்ல? மாத்த வேண்டியதுதானே?”

“எது தப்பு?” என்றான்.

நான் கொண்டுபோன மல்லிகையில் ஒரு சரத்தை எடுத்துப் படத்துக்குப் போடப் போனாள் வசந்தி. “அடி பாவி, நான் இன்னும் இருக்கேன்டி!” என்று பிடுங்கி அவள் தலையில் வைத்தேன்.

காலைச் சேதி இப்போதும் வருகிறது. ஆனால் முன்போல இல்லை. ஒருநாள் எட்டுக்கு வரும், ஒருநாள் பத்துக்கு, சிலநாள் மத்தியானம் ஆகிவிடும். இப்படி நேரம் தவறி வருவதிலிருந்தே அவன் கையால் அனுப்புகிறான் என்று தெரிந்துகொண்டேன். எல்லாவற்றிலும் அவனால் எனக்குத் தொல்லைதான். அந்தச் சேதி வந்து சேரும்வரை எனக்குப் பூக் கட்டக் கை ஓடமாட்டேன் என்கிறது.